பதினொரு பட்டைக்கு ஆறு பேர்

பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கப் பட்டையை, அதாவது அச்சின் மேல் பாரத்தைத் தாங்குகிற வில் தகட்டு அடுக்கை, அடையாளம் கண்டு மாற்றுவது எப்படி என்று, புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நாலு பக்கம் எதற்கு? பட்டையின் அகலத்தை அளக்க வேண்டும். கனத்தை அளக்க வேண்டும். நடு போல்ட்டிலிருந்து முன்முனை வரை எவ்வளவு, பின்முனை வரை எவ்வளவு என்று தனித்தனியாக அளக்க வேண்டும், ஏனென்றால் பல வண்டிகளில் இரண்டும் ஒன்றாக இருக்காது. முனை வளையத்தில் உள்ளே செருகுகிற புஷ் குழல் எந்த அளவு போகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அடுக்கில் எத்தனை பட்டை என்று எண்ண வேண்டும். அவ்வளவுதான். டேப் பிடிக்கத் தெரிந்த எவரும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ள முடியாதவர்கள் சூப்பர்வைசர் ஆகிவிடலாம்.

மீதி இடத்தில், இதையெல்லாம் துளி பிசகாமல் அளந்த பிறகும் நான் செய்த ஒரு தப்பைப் பற்றிச் சொல்கிறேன். என் வேலைக்காலத்தில் தப்புக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவற்றை டிரைவர் தலையில் கட்டித் தப்பித்திருக்கிறேன். இதை மட்டும் யார் தலையிலும் கட்ட முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில் பெரிய சாலையை ஒட்டி எனக்கு ஒரு பட்டறை இருந்தது. கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே இது இன்ன வண்டிப் பட்டை என்று சொல்லிவிடுவேன் என்று சுற்றுவட்டாரத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயரைப் பரப்பியவன் நான்தான். ஒருமுறை நிஜமாகவே கண்ணைக் கட்டிச் சோதித்தார்கள். அன்றைக்கு எனக்குத் தடுமன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தடவிப் பார்ப்பதற்கும் தடுமனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. பெயர் வந்துவிட்டால் இது ஒரு வசதி.

ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு சபை இருந்தது. வாத்தியார்களும் ஆபீஸ் உத்தியோகக்காரர்களும் நிறைந்த கிறிஸ்தவ சபை. அவர்களிடம் ஏலத்தில் எடுத்த பழைய பிக்கப் ஒன்று இருந்தது. அதன் பின்னால் மரக்கூண்டு கட்டி, கறுப்புப் பெயின்ட் அடித்து, உள்ளே பக்கத்துக்கு ஒரு பெஞ்சு போட்டு, அடக்க வண்டியாக மாற்றியிருந்தார்கள். துக்க வீட்டிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை சவப்பெட்டியைக் கொண்டுபோவதுதான் அதன் ஒரே வேலை.

பெஞ்சு போட்டார்களே தவிர அதில் யாரும் உட்கார்ந்ததில்லை. சகுனம் பார்ப்பது பாவம் என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்கிறவர்கள்தான். ஆனால் அந்தக் கூண்டுக்குள் உயிரோடு ஏறினால் அடுத்த தடவை படுத்துக்கொண்டு ஏற வேண்டிவரும் என்று உள்ளூர எல்லோருக்கும் ஒரு பயம். வாய்விட்டுக் கேட்டால், பெட்ரோல் நாற்றம் ஒத்துக்கொள்வதில்லை என்பார்கள். சொந்தக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்து வருவார்கள். கார் வைத்திருந்த கமிட்டிக்காரர்கள் முன்னாலேயே போய்க் கல்லறைத் தோட்டத்து வேப்பமர நிழலில் காத்திருப்பார்கள். நடந்துவர ஆள் இல்லாத ஏழைச் சாவு என்றால், பெட்டியும் டிரைவரும் மட்டும்தான்.

அந்த வண்டியின் இடது பின்பட்டையில் மேல்தகடு விரிசல் விட்டு, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வலது பட்டையும் தளர்ந்து தட்டையாகக் கிடந்தது. கடைசியாகப் போன ஒரு பெட்டி திருப்பத்தில் நழுவிக் கூண்டில் முட்டிக்கொண்டதாக டிரைவர் தேவராஜ் சொன்னான். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்று கமிட்டி முடிவெடுத்து, என்னிடம் அனுப்பினார்கள்.

அளந்தேன். இரண்டே கால் அங்குல அகலம், பக்கத்துக்கு ஏழு பட்டை. பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் தேடியதில் ஒரே கடையில் இரண்டு ஜோடி கிடைத்தன. ஒன்று இதே மாதிரி பிக்கப்பிலிருந்து கழற்றிய ஏழு பட்டை. இன்னொன்று அதே கம்பெனியின் கனரக வண்டியிலிருந்து கழற்றிய பதினொரு பட்டை. அகலம், நீளம், வளையம் எல்லாம் ஒன்றேதான். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே விலை சொன்னார். பேசாமல் ஏழை எடுத்துக்கொண்டு வந்து மாட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அந்தக் கமிட்டியின் செயலாளர், எதைச் செய்வதானாலும் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே போய்க் கேட்டேன்.

கமிட்டியில் மொத்தம் ஏழு பேர். செயலாளர் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் நிர்வாகி. அந்தப் பள்ளியின் பஸ்கள் எல்லாம் அவர் ஒரு வார்த்தை சொல்வதால்தான் என் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தன. பொருளாளர் நல்ல ஆகிருதி. அவருக்காகவே கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று தனியாகப் போட்டிருந்தார்கள். மற்ற நாலு பேரும் செயலாளர் பேசும்போது தலையாட்டுவார்கள், பொருளாளர் பேசும்போதும் தலையாட்டுவார்கள். ஏழாவது ஆள் சிட்லபாக்கத்தில் ஏரிக்கரைப் பக்கம் குடியிருந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். எல்லோரும் அவரைக் கணக்கு சார் என்பார்கள். எந்தத் தீர்மானம் வந்தாலும் ஒரு கேள்வி கேட்பார், பதில் வந்தால் அந்தப் பதிலின் மேல் இன்னொரு கேள்வி கேட்பார். அதனால் அவர் வாயைத் திறந்தாலே மற்றவர்கள் கூரையில் பல்லி தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னதும் செயலாளர் கேட்டார்.

"ரெண்டும் ஒரே விலையா மேஸ்திரி?"

"ஒரே விலைதான் சார்."

"அப்ப யோசிக்க என்ன இருக்கு? பக்கத்துக்கு நாலு பட்டை சும்மா வருது."

பொருளாளர் தலையாட்டினார். நாலு பேரும் தலையாட்டினார்கள்.

"ஒரு சின்னக் கேள்வி," என்றார் கணக்கு சார். பார்வைகள் கூரைக்குப் போயின. "அந்த வண்டியில ஒரு நேரத்துல எத்தனை பேர் போறாங்க?"

"ஒருத்தர்தான்."

"ஒருத்தருக்கு ஏழே ஜாஸ்தி. பதினொண்ணு எதுக்கு?"

"எதிர்காலத்தை நினைச்சுப் பாக்கணும் சார்," என்றார் நாலு பேரில் ஒருவர்.

"யாரோட எதிர்காலம்? அந்த வண்டியில போறவங்களோடதா?"

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து, செயலாளர் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. கணக்கு சார் என் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி, தொழில் உங்களுது. நீங்க சொல்லுங்க. எது சரி?"

எனக்குப் பதில் தெரியும். பட்டை என்பது எடைக்காகச் செய்த பொருள். உரிய எடை மேலே உட்கார்ந்தால்தான் அது வளைந்து கொடுக்கும். எடை வராவிட்டால் அது வெறும் இரும்புக் கட்டை, ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு கல்லையும் எண்ணிக் காட்டும். ஒரு பெட்டியும் அதில் ஒரு மெலிந்த மனிதரும் போகிற வண்டிக்குப் பதினொன்று போடுவது பைத்தியக்காரத்தனம். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஆனால் செயலாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர் கண்ணில் பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக நிற்பது தெரிந்தது.

"ரெண்டுமே நல்லா உக்காரும் சார்," என்றேன்.

பொய் இல்லை. அளவுப்படி இரண்டும் உட்காரும். கணக்கு சார் என்னைப் பார்த்தார். காலமெல்லாம் வகுப்பில் நின்றவருக்கு, விடை தெரியாத பையனையும் விடை தெரிந்தே மழுப்புகிற பையனையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதா?

"நான் கேட்டது அது இல்ல," என்று மட்டும் சொன்னார்.

கை தூக்கினார்கள். பதினொரு பட்டைக்கு ஆறு கை, ஏழு பட்டைக்கு ஒரு கை. பட்டை எத்தனை இருக்க வேண்டும் என்று ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்த ஒரே வண்டி உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும்.

தம்பிகளே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எது உட்காரும் என்பதை டேப் சொல்லிவிடும். எது சரி என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அதுவும் கேட்கும்போதே சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு செய்த வேலையெல்லாம் சுத்தம். பட்டையை அச்சோடு இறுக்குகிற பழைய யூ போல்ட்டைக்கூடத் திரும்பப் போடாமல் புதிது வாங்கிப் போட்டேன். தப்பை இவ்வளவு நேர்த்தியாக யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

இதில் இன்னொரு முட்டாள்தனமும் உண்டு. பட்டை மாற்றினால் எடை ஏற்றி ஓட்டிப் பார்ப்பது எங்கள் பட்டறை வழக்கம். வழக்கப்படி மணல் மூட்டைகளை அடுக்கினேன். செயலாளரை முன்னால் உட்காரவைத்து பொழிச்சலூர் வரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். வண்டி தண்ணீரில் போவதுபோலப் போனது. "பாத்தீங்களா?" என்றார் செயலாளர், பட்டையை அவரே அடித்துச் செய்தவர் மாதிரி. என்னைப் பற்றிச் சொல்வானேன், அவரைவிடப் பூரித்துப்போயிருந்தேன். அந்த வண்டியில் ஒருநாளும் ஏறப்போகாத பாரத்தை ஏற்றிச் சோதித்தோம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

அடுத்த மூன்று வாரம் அந்தச் சபையில் சாவே இல்லை. நாலாவது வாரம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணக்கு சார் அப்படியே போய்விட்டார்.

செய்தி கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். நான் பட்டை மாற்றிய வண்டியின் முதல் பயணத்தில் நானும் கூடப் போவேன். அதுவும் எங்கள் வழக்கம்தான். இதுதான் முதல் பயணம். போகாமல் இருந்துவிடலாமா என்று நினைத்தேன். முதல் நாள்தான் குன்றத்தூர் மலைக் கோயிலுக்குப் போய் வந்திருந்தேன், அதனால் துக்க வீட்டுக்குப் போக வேண்டாம் என்று வீட்டில் ஒரு நல்ல காரணமும் எடுத்துக் கொடுத்தார்கள். இருந்தாலும் போனேன்.

சிட்லபாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் பெட்டியை ஏற்றி, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி என்னிடம் வந்தார். அவரும் டீச்சராக இருந்தவர்.

"நீங்கதான் பட்டை மாத்தினவரா?"

"ஆமாம்மா."

"அவருக்கு ரொம்ப நாளா முதுகு வலி. பஸ்ஸுல சீட் இருந்தாலும் உக்கார மாட்டார், குலுக்கல் தாங்காதுன்னு நின்னுகிட்டேதான் வருவார். வண்டியைக் கொஞ்சம் அதிராம ஓட்டச் சொல்லுங்க."

செத்தவருக்கு முதுகு வலிக்காது என்று அந்த அம்மாவிடம் யார் சொல்வது? "சரிம்மா" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த வாக்குகளில், கொடுக்கும்போதே பொய் என்று தெரிந்து கொடுத்தது அது ஒன்றுதான்.

ஜெபம் முடிந்ததும் கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும் இரண்டு கார்களில் ஏறி முன்னால் கிளம்பிவிட்டார்கள். வண்டிக்குப் பின்னால் அந்த அம்மாவும், சொந்தக்காரர்கள் சிலரும், கூட வேலை பார்த்த வாத்தியார்களும் பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து வந்தார்கள். தேவராஜ் ஓட்டினான், நான் பக்கத்தில். ஏரிக்கரை மண்சாலை வரை பரவாயில்லை. அங்கே திரும்பினால் புதிதாக ஜல்லி கொட்டி, மேலே தார் ஊற்றாமல் விட்டிருந்த ஒரு நீளமான சாலை. பஞ்சாயத்தில் ஜல்லிக்குத் தீர்மானம் போட்டவர்கள் தாருக்கு அடுத்த கூட்டத்தில் போடலாம் என்று விட்டிருப்பார்கள்.

ஜல்லியில் சக்கரம் ஏறியதும் பின்னால் தொம்மென்று ஒரு சத்தம்.

"இன்னா மேஸ்திரி இது, பொட்டி துள்ளிகினு கீது!" என்றான் தேவராஜ்.

"மெதுவாப் போ."

"நடந்து போறவன விட மெதுவாத்தான் போறேன். இன்னும் மெதுவான்னா இறங்கித் தள்ளணும்."

தொம். தொம். கட்டிய கயிறு இற்றுவிடும்போல் இழுத்தது. பெட்டி எழும்புவதும், பெஞ்சுக் காலில் இடிப்பதும், மூடியின் ஆணி கிறீச்சிடுவதும் முன்னால் இருந்த எனக்கு ஒவ்வொன்றாகக் கேட்டது. பின்னால் பாட்டு பாதி அடியில் நின்றுபோனது. பெட்டியின் மேல் வைத்திருந்த மலர்வளையம் உருண்டு சாலையில் விழுந்தது. அந்த அம்மா குனிந்து அதை எடுத்து, ஒட்டியிருந்த தூசியை முந்தானையால் தட்டினார்.

வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அவரால தாங்க முடியாது தம்பி," என்று மட்டும் சொன்னார், உள்ளே இருப்பவர் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பதுபோல. எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது.

அழுதால் பட்டை இளகாது. என்ன செய்யலாம் என்று யோசித்தேன். பட்டையைக் கழற்ற ஜாக்கியும் இரண்டு மணி நேரமும் வேண்டும். தோளில் சுமந்து போகலாம் என்றால் கல்லறைத் தோட்டம் ரயில் பாதையைத் தாண்டி இரண்டு மைல். வந்திருந்த வாத்தியார்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டுதான் நடந்தார்கள். அன்று வேலைநாள், வலுவான பழைய மாணவர்கள் எல்லாம் ஆபீசில் இருந்தார்கள். எடை ஏற்றினால் வண்டி அடங்கும். ஆனால் என் மணல் மூட்டைகள் மேற்குத் தாம்பரத்தில் இருந்தன.

"மேஸ்திரி, இங்கதான் ஜல்லி குமிச்சி வெச்சிக்கீறாங்களே," என்றான் தேவராஜ். "நாலு கூடை அள்ளிப் போட்டா இன்னா?"

அந்த அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. "கல்லு வேண்டாம்ப்பா," என்றார். "அவரைக் கல்லோட அனுப்பாதீங்க."

அப்போதுதான் கவனித்தேன். சாலை முடிகிற இடத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட்டுக்கு முன்னால் கமிட்டியின் இரண்டு கார்களும் மாட்டிக்கொண்டு நின்றன. உள்ளே ஆறு பேர். நல்ல ஆறு பேர். அவர்களைப் பார்த்ததும் எனக்கு மனிதர்களாகவே தெரியவில்லை. பொருளாளர் மட்டுமே இரண்டரை மூட்டை தேறுவார்.

ஓடிப்போய்ச் செயலாளரின் கார்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், இறங்கி வரணும்."

"என்னய்யா?"

"பெட்டி துள்ளுது சார். பதினொரு பட்டைக்கு எடை பத்தல. நீங்க எல்லாரும் பின்னால ஏறி உக்காந்தாத்தான் வண்டி அடங்கும்."

"எதுல?"

"அடக்க வண்டியில சார்."

அவர் முகம் வெளிறிப்போனது. கறுப்புக் கோட்டு போட்டிருப்பதாகச் சொன்னார். பொருளாளருக்குப் பெட்ரோல் நாற்றம் ஒத்துக்கொள்ளாது என்று பொருளாளர் சொல்வதற்குள் இன்னொருவர் சொன்னார். ஒருவர் தனக்கு நாள் சரியில்லை என்று ஆரம்பித்து, தான் எந்தச் சபை என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

"பட்டை மாத்தினது நீ," என்றார் செயலாளர், அதுவரை கொடுத்த மரியாதையைப் பிடுங்கிக்கொண்டு. "உன் தப்புக்கு நாங்க ஏறணுமா?"

"தப்பு என்னுதுதான் சார். அன்னிக்கு அவர் கேட்டப்ப வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். ஆனா என் ஒருத்தன் எடை பத்தாது."

பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாகக் கிளம்பிப் போவது என் கண்ணுக்குத் தெரிந்தது. போனால் போகட்டும் என்று அங்கேயே நின்றேன். ரயில் வருகிற சத்தம் கேட்டது. கேட் திறந்தால் கார்கள் போய்விடும். அப்போது அந்த அம்மா மலர்வளையத்தோடு நடந்து வந்து என் பக்கத்தில் நின்றார். காருக்குள் குனிந்து, தயங்கி உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் பார்த்தார்.

"பயப்படாம ஏறுங்க சார்," என்றார். "இன்னிக்கு அவர் கேள்வி எதுவும் கேக்க மாட்டார்."

செயலாளர் கார்க் கதவைத் திறந்தார்.

கார்களை ஓரங்கட்டிவிட்டு வந்த ஆறு பேரையும் எடை பார்த்து உட்காரவைத்தேன். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, பொருளாளர் அச்சுக்கு நேர் மேலே. பெட்டியை ஆளுக்கொரு கையால் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பதினொரு பட்டைக்குத் தூக்கிய அதே ஆறு கைகள். வண்டி ஒரு பெருமூச்சோடு இரண்டு அங்குலம் இறங்கியது. ரயில் போனது, கேட் திறந்தது, தேவராஜ் கியரைப் போட்டான். தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கியபோதுகூட ஒரு சத்தம் இல்லை.

"இப்பதான் மேஸ்திரி வண்டி வண்டியா கீது," என்றான்.

பின்னால் பாட்டு மறுபடி தொடங்கியது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அந்த அம்மா நிமிர்ந்து நடந்து வந்துகொண்டிருந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இதை ஒரு பட்டைக் கதையாக எழுதியிருப்பேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் போதகர் காத்திருந்தார். அவருக்கு ஜல்லியும் தெரியாது, பட்டையும் தெரியாது. காலமெல்லாம் தங்களை எதிர்த்தே பேசிய ஒரு சகோதரரை, கமிட்டியார் ஆறு பேரும் கோட்டோடு அடக்க வண்டியில் உட்கார்ந்து, பெட்டியைத் தொட்டுக்கொண்டு அழைத்து வந்தது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. நெகிழ்ந்துபோனார். குழியருகே அந்தத் தாழ்மையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். கூடியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆறு பேரும் தலை குனிந்து நின்றார்கள், தாழ்மையினால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்திலும் அது வந்தது. அதற்கடுத்த வாரம் கமிட்டி கூடி, இனி சபையில் யார் இறந்தாலும் கமிட்டியார் அனைவரும் அடக்க வண்டியிலேயே உடன் செல்வது என்று தீர்மானம் போட்டார்கள். ஏகமனதாக நிறைவேறியது. எதிர்த்துக் கை தூக்க ஆள் இல்லையே. ஊரே புகழ்கிற ஒரு காரியத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? பம்மல் பக்கத்துச் சபை ஒன்றில் இதைப் பார்த்து அவர்களும் ஆரம்பித்தார்கள் என்று கேள்வி. அவர்கள் வண்டியில் எத்தனை பட்டையோ, எனக்குத் தெரியாது.

பள்ளிக்கூட பஸ்கள் என் பட்டறைக்கே வந்துகொண்டிருந்தன. என்னை நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டும், காரணம் சொன்னால் தாழ்மை போய்விடும்.

ஒரு வருடம் போனது. ஒருநாள் தேவராஜ் பட்டறைக்கு டீ குடிக்க வந்தான். பள்ளிக்கூடத்தில் பெருக்கிக் கழுவுகிற வேலை பார்த்த ஒரு அம்மா இறந்துபோயிருந்தார். உறவு என்று ஒருவரும் கிடையாது.

"முன்னல்லாம் இந்த மாதிரி ஒண்டிப் பொட்டின்னா, வழியெல்லாம் நான் பின்னாடி திரும்பிப் பேசிகினே போவேன் மேஸ்திரி," என்றான். "பாவம், எவனும் இல்லியேன்னு. இன்னிக்கு நான் பேசவே இல்ல. அதான் கோட்டு போட்டுகினு ஆறு பேரு கீறாங்களே."

அந்த வாரமே ஒரு மத்தியானம் செயலாளர் தனியாக வந்தார். இடுப்பில் ஒரு கை. அந்தக் குறுகிய பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆறு பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டுவிட்டதாம்.

"மேஸ்திரி, அந்த நாலு நாலு பட்டையைச் சத்தமில்லாம உருவிட முடியுமா?" என்றார். "உருவிட்டா எடை தேவைப்படாது. வண்டிக்கு பாரம் ஆகாதுன்னு நீங்களே ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, நாங்களும் பழையபடி காருல போயிடுவோம். சபைக்குத் தெரிய வேண்டாம்."

இரண்டு மணி நேர வேலை. அதோடு, அதுதான் சரியான வேலை. அந்த வண்டிக்கு உரியது ஏழு பட்டைதான், ஒரு வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருந்ததும் அதுதான். என் தப்பைத் திருத்திக்கொள்ளச் சொல்லி வண்டிக்காரரே பட்டறை தேடி வந்திருக்கிறார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"முடியாது சார்," என்றேன். "பதினொண்ணு உக்காந்து பழகின அச்சு. இப்ப நாலை உருவினா போல்ட்டு நிக்காது. பின்சக்கரம் வழியிலேயே கழண்டுக்கும்."

பச்சைப் பொய். உங்களில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கூட இதைக் கேட்டுச் சிரிப்பார். "அதெப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் திக்கியிருப்பேன். அப்படிக் கேட்கக்கூடிய ஒரே ஆளைத்தான் அவர்களே இரண்டு பக்கமும் உட்கார்ந்து கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிட்டு வந்திருந்தார்கள்.

செயலாளர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டார்.

"அப்ப பொருளாளரையாவது என் பக்கத்துல உக்கார வைக்காம எதிர் பெஞ்சுல வைக்க முடியுமா?"

"அது செய்யலாம் சார்," என்றேன்.

பழைய இரும்புக்குப் போகிற நாள்வரை அந்த வண்டி பதினொரு பட்டையோடுதான் ஓடியது. தப்பான பட்டைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஓடிய காலம் வரைக்கும் அந்தச் சபையில் ஒரு பெட்டிகூடத் தனியாகப் போகவில்லை.